இடது பக்கம் திரும்பினால் கத்தும் கார்

என் காரின் ஹார்னை நான் அமுக்கியதே இல்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஓட்டப் பழகிய காலத்தில், சொல்லிக்கொடுத்தவர் வற்புறுத்தியதால் ஒரு தடவை அமுக்கினேன். அது கத்தியதும் சாலையோரம் சைக்கிளில் போன ஒரு சீனப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியை இறக்கி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதோடு சரி. சாலையில் மாடு நின்றால் அது போகும்வரை நானும் நிற்பேன். பச்சை விளக்கு விழுந்தும் முன்னால் இருக்கும் கார் நகராவிட்டால், பாவம், அவருக்கு என்ன கவலையோ என்று நினைத்துக்கொள்வேன். எப்படியும் பின்னால் இருப்பவர்கள் எனக்கும் சேர்த்து அடித்துவிடுவார்கள்.

அப்படிப்பட்ட என்னுடைய கார், போன வருடம் ஒரு மழைக்காலத்தில் தானாகவே கத்தத் தொடங்கியது.

பழைய கார்தான். வாங்கும்போதே பழையது. ஒரு காலத்தில் கருஞ்சிவப்பு. இப்போது கூரை மட்டும் வெயிலில் வெளுத்து, பிளந்த கொய்யாப்பழத்தின் நிறத்தில் இருக்கிறது. கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். குளிர்சாதனமோ உறைய வைக்கும், இல்லையென்றால் பெருமூச்சு விடும். ஆனால் காலையில் சாவியைத் திருப்பினால் முனகாமல் கிளம்பும். நாங்கள் செமோருக்குப் பக்கத்தில், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில் கட்டிய மலிவு விலை வீடுகளில் இருக்கிறோம். அங்கிருந்து ஈப்போ ஓரத்தில் இருக்கும் கையுறைத் தொழிற்சாலைக்கு நான் தினமும் ஓட்டிப் போகிறேன். என் அம்மா மரத்தில் பால் எடுத்தார். நான் அந்தப் பாலில் செய்த கையுறைகளைப் பெட்டியில் அடுக்குகிறேன். இதை ஒரு முன்னேற்றம் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். சிரித்துக்கொண்டே சொல்லுவார் என்பதால் எந்த அர்த்தத்தில் என்று நான் கேட்டதில்லை.

காரில் என்னோடு மூன்று பேர் வருவார்கள். மூவரும் அதே தொழிற்சாலைதான். முன்சீட்டில் எதிர்வீட்டு அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பேச்சு என்றால் அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. நடுவில் நிறுத்தினால் உடம்புக்கு ஆகாது. பின்சீட்டில் இரண்டு இளம் பெண்கள். ஒருத்தி ஏறியதும் தூங்கிவிடுவாள். இன்னொருத்தி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வருவாள். தேவையான இடத்தில் மட்டும் தலையை நிமிர்த்தி ஒரு வார்த்தை போட்டுவிட்டு மறுபடியும் குனிந்துகொள்வாள்.

எங்கள் குடியிருப்புச் சாலை பெரிய சாலையில் சேரும் இடத்தில், இடது வளைவில், முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. தோட்டம் போய்விட்டாலும் அவர் போகவில்லை. அந்த வழியாகப் போகிறவர்கள் ஹார்ன் அடித்து அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். லாரிக்காரர்கள் மூன்று தடவை அடிப்பார்கள். டுரியான் பழம் ஏற்றிப் போகும் சீனரும் அடிப்பார். நான் மட்டும் வேகத்தைக் குறைத்து, மனதுக்குள் கும்பிட்டுவிட்டுப் போவேன். அக்காவுக்கு இது பிடிக்காது. "சாமி என்ன உன் மனசுக்குள்ள காது வெச்சுக்கிட்டா உக்காந்திருக்கார்?" என்பார்.

அன்று காலை அந்த வளைவில் ஸ்டீரிங்கை இடது பக்கம் திருப்பினேன். கார் வாய் விட்டுக் கத்தியது. கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த பூசாரி துடைப்பத்தோடு நிமிர்ந்தார்.

"அப்படிப் போடு!" என்றார் அக்கா. "இத்தன வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் இவளுக்கு வாய் தொறந்திருக்கு!"

"நான் அடிக்கலக்கா."

"நீ அடிக்கலன்னா யாரு அடிச்சது? அவரே அடிச்சுக்கிட்டாரா?"

"சத்தியமா அடிக்கலக்கா. அதுவா அடிச்சுது."

அக்கா ஒரு கணம் யோசித்தார். பிறகு இரண்டு கையையும் எடுத்துக் கோயில் பக்கம் கும்பிட்டார். "அப்ப இன்னும் விசேசம்லா" என்றார்.

விசேஷம் அதோடு முடியவில்லை. தூங்குகிற பெண் செமோரில் கடை வரிசையின் முன்னால்தான் ஏறுவாள். அங்கேயும் இடது பக்கம் திரும்ப வேண்டும். திருப்பினேன். கத்தியது. அந்த வரிசையில் முதல் கடை ஒரு முஸ்லிம் அண்ணனின் சாப்பாட்டுக் கடை. காரில் உட்கார்ந்தபடியே ஹார்ன் அடித்துத் தேநீர் கேட்கிறவர்கள் அவருக்கு நிறையப் பேர். அவர் எங்கள் காரை எட்டிப் பார்த்தார். தலைகளை எண்ணினார். பையில் கட்டிய பால் தேநீர் நான்கைக் கொண்டுவந்து ஜன்னலில் நீட்டினார்.

"சீனி கொஞ்சமாத்தான் போட்டிருக்கேன் தங்கச்சி. சரிதானே?"

நாங்கள் கேட்கவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார். கையில் சூடு வேறு. "சரிண்ணே" என்று வாங்கிக்கொண்டேன். மறுநாளும் கார் கத்தியது. மறுநாளும் தேநீர் வந்தது. அதற்கடுத்த நாள் ஒரு வடையும் சேர்ந்து வந்தது.

தொழிற்சாலை வாசலும் இடது பக்கம்தான். அங்கே காவலுக்கு நிற்கும் நேப்பாளத்துத் தம்பி முதல் நாள் கத்தலைக் கேட்டதும் விறைப்பாக நின்று, தடுப்புக் கம்பத்தை ஒரே இழுப்பில் தூக்கினான். மேனேஜரின் காருக்குக்கூட அவ்வளவு வேகமாகத் தூக்கி நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் திரும்பி வரும்போது எல்லாமே வலது பக்கத் திருப்பங்கள். கார் வாயே திறக்கவில்லை.

"பாத்தியா" என்றார் அக்கா. "வேலைக்குப் போறப்பத்தான் அழுவுது. வீட்டுக்கு வாரப்ப கம்முனு வருது. நம்ம எல்லாரையும் விட இதுக்குத்தான் புத்தி."

சிரிக்கிறவர்களுக்கு என்ன. ஒவ்வொரு இடது திருப்பத்துக்கும் முன்னால் தெருவில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வேன். ஒரு நாள் சமிக்ஞை விளக்கில் எனக்கு முன்னால் போலீஸ் கார். அது இடது பக்கம் திரும்பியது. நானும் திரும்ப வேண்டும். அவர்கள் முதுகுக்குப் பின்னால் நீளமாக ஒரு சத்தம் கொடுத்தேன். அவர்கள் ஓரமாக நிறுத்தி, என்னையும் நிறுத்தச் சொன்னார்கள். இளம் போலீஸ்காரர் ஒருவர் குனிந்து, என்ன அவசரம் என்று மலாயில் கேட்டார். எனக்கு மலாய் நன்றாகவே வரும். அன்று ஒரு மொழியும் வரவில்லை. அக்காதான் என் மடிக்கு மேலாகச் சாய்ந்து, கார், வயர், சாமி, தேநீர் எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினார். நம்பாத போலீஸ்காரர் ஸ்டீரிங்கைத் திருப்பிக் காட்டச் சொன்னார். காட்டினேன். அவர் காதைப் பொத்திக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, சீக்கிரம் சரிசெய்யுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

சரிசெய்ய நான் முயலாமல் இல்லை. செமோரில் கடைசிக் கடையில் ஒரு வயரிங்காரர் இருக்கிறார். காரின் மின்சார வேலை எல்லாம் அவர்தான் பார்ப்பார். முதல் தடவை போனபோதே ஸ்டீரிங்கைக் கழற்றிக் காட்டினார்.

"இந்தா பாருங்கக்கா. ஹார்னுக்குப் போற வயர் தோல் உரிஞ்சு கெடக்கு. இடது பக்கம் திருப்புனா உள்ள இரும்புல போய் ஒரசுது. ஒரசுனா கத்தாம என்ன செய்யும்? நம்மள ஒரசுனா நாம கத்த மாட்டோமா?"

கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்தார். ஒரு வாரம் அமைதி. பிறகு வெயிலில் டேப் இளகி, பழையபடி ஆனது. மறுபடியும் போனேன். வேறு டேப். மறுபடியும் கத்தியது. போகப் போக அவர் என் காரைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார். அவர் கடைக்கும் இடது பக்கம்தான் திரும்ப வேண்டும்.

"வந்துட்டாங்கய்யா அமைதியான அக்கா" என்று உள்ளே இருப்பவர்களிடம் சொல்லுவார். எனக்குக் காது சுடும்.

எந்த டேப்பும் நிற்காததால் என் வீட்டுக்காரர் தானே களத்தில் இறங்கினார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, மோட்டார் சைக்கிள்தான். ஆனால் கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்துவிட்டு, ஹார்னுக்கு உரிய ஃபியூஸைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "முடிஞ்சுது கதை. இதுக்குப் போய் வயரிங்காரன், அது இதுன்னு."

மறுநாள் காலையில் முனீஸ்வரர் வளைவைச் சத்தமில்லாமல் கடந்தேன். பூசாரி எங்களை ஒரு மாதிரி பார்த்தார். கடை வரிசையில் அண்ணன் வாசல் வரை வந்து, சத்தம் வராததால் தயங்கி நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "தங்கச்சி, டீல ஏதும் கொறையா?" நாங்களாகவே நான்கு தேநீர் சொன்னோம்.

எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. ஆனால் பெரிய சாலையில் ஒரு லாரிக்காரர் எங்களுக்குப் பக்கத்தில் வந்து, தலையை வெளியே நீட்டித் திட்டிக்கொண்டே போனார். எனக்குப் பாதிதான் புரிந்தது. கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்திய பெண் மீதியைச் சொன்னாள்: "அக்கா, நம்ம பிரேக் லைட் எரியலையாம். பின்னால வந்து சொருகப் பாத்துச்சாம் அவரு லாரி."

அந்தக் காரில் ஹார்னுக்கும் பிரேக் விளக்குக்கும் ஒரே ஃபியூஸ். வீட்டுக்காரர் பார்த்த காணொளி வேறு ஏதோ காருக்கு உரியது போலிருக்கிறது. சாயங்காலம் அவரே ஃபியூஸைத் திரும்ப மாட்டிவிட்டார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேசினார்.

"வித்துரு."

"எதை?"

"உன் காரத்தான். என்னையா விக்கச் சொல்லுவேன்? மாசக் கடைசியில ரோட் டெக்ஸ் முடியுது. அதப் புதுப்பிக்கணும், இன்சூரன்ஸ் கட்டணும், மறுபடி வயரிங்காரனுக்கு அழணும். கிலாங் பஸ் கோயில் முனைக்கே வருது. ஏறி உக்காந்தா போச்சு."

தொழிற்சாலையைத்தான் கிலாங் என்கிறோம். அதன் பஸ் கோயில் முனை வரை வருவது உண்மை. அவர் சொன்னதில் தப்பே இல்லை. நானும் தலையை ஆட்டினேன். அன்று படுத்த பிறகுதான் யோசித்தேன்.

காரை விற்றால் காலைப் பயணமும் போகும். எனக்கு அதுதான் பயம். தொழிற்சாலைக்குள் இயந்திரச் சத்தம், முகத்தில் கவசம், பக்கத்தில் நிற்பவளிடம்கூடக் கையால்தான் பேச வேண்டும். வீட்டுக்காரருக்கு மாறி மாறிக் காவல் வேலை. நான் வரும்போது அவர் தூங்குவார், அவர் எழும்போது நான் படுப்பேன். நாள் முழுவதும் நான் ஒரு பேச்சுக்குள் இருப்பது அந்தக் காருக்குள் மட்டும்தான். நான் பேசுவதில்லை, சரி. ஆனால் பேச்சு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அக்கா தன் சம்பந்தியம்மாளைப் பற்றிச் சொல்லுவார். விலைவாசியைப் பற்றிச் சொல்லுவார். பின்சீட்டுப் பெண் ஒரு வார்த்தையில் அதைக் கவிழ்ப்பாள். தூங்குகிறவள் தூக்கத்திலேயே சிரிப்பாள். பஸ்ஸில் எனக்கு இது கிடைக்காது. மற்றவர்களுக்கு எப்படி என்று தெரியவில்லை. என் காரில் வருவது அவர்களுக்கு வசதி என்பதால் மட்டுமா? இதை வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மறுநாள் காரில் மெல்லச் சொன்னேன். "வித்துரலாமான்னு வீட்டுல சொல்றாங்க."

யாராவது வேண்டாம் என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"வித்தா வாங்குறவன் பாவம்லா" என்றார் அக்கா. "இடது பக்கமே திரும்பாத ஊராப் பாத்துத்தான் விக்கணும்."

"கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம்" என்றாள் கைப்பேசிப் பெண்.

தூங்குகிறவள் தூங்கினாள். அவ்வளவுதான். நானும் சிரித்தேன். இடது திருப்பம் வந்தது. கார் கத்தியது.

வயரிங்காரர், கடைசியாக ஒரு தடவை முழுவதும் பிரித்துப் பார்க்கிறேன், ஒரு நாள் காரை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். அதனால் அன்று நாங்கள் எல்லோரும் தொழிற்சாலை பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் சேர்ந்தாற்போல் இடம் இல்லை. அக்காவுக்கு ஓட்டுநருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. பஸ் நகர்வதற்குள் அவரைச் சுற்றி நாலு பெண்கள். பின்சீட்டுப் பெண்கள் இருவரும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். எனக்குக் கடைசி வரிசை. பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் ஒரு பெண். ஏறியதும் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். அவள் விழித்துவிடக் கூடாதே என்று நான் அசையவில்லை. முன்னால் அக்காவின் குரல் கேட்டது. ஒரு பெரிய சிரிப்புக் கேட்டது. என்ன சொன்னார் என்று மட்டும் கேட்கவில்லை. பஸ் இடது பக்கம் திரும்பி முனீஸ்வரரைக் கடந்தபோது ஓட்டுநர் முறையாக மூன்று தடவை அடித்தார். யாரும் திடுக்கிடவில்லை.

சரி, அக்காவுக்கு இதுவே நன்றாக இருக்கிறது. விற்றுவிடுவதுதான் சரி. அந்தப் பெண்ணின் தலையைத் தாங்கிக்கொண்டே அப்படி முடிவு செய்தேன்.

சாயங்காலம் செமோரில் இறங்கினேன். பின்னாலேயே அக்காவும் இறங்கினார்.

"நீங்க எங்கக்கா வர்றீங்க? ஒங்க எடம் இன்னும் தள்ளி."

"வயரிங்காரன்கிட்டத்தானே போற? நீ தனியாப் போனா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா? அவன் என்ன சொன்னாலும் தலைய ஆட்டிட்டு வருவ. நானும் வாரேன், நட."

வயரிங்காரர் எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் நல்ல செய்தி இல்லை.

"நேராவே சொல்லிடுறேங்கக்கா. ஸ்டீரிங்குக்குள்ள இருக்குற சாமானே தேஞ்சு போச்சு. டேப் சுத்தி இனி வேலைக்காவாது. பழைய கார் வெட்டி விக்கிற கடை எல்லாத்துலயும் கேட்டுட்டேன். இந்த மாடல்ல ஒண்ணுகூட மிச்சம் இல்ல. வித்துருங்க. நானே ஆள் பாத்துத் தாரேன்."

'சரி' என்ற சொல் என் வாயில் வந்து நின்றுவிட்டது. கூச்சமுள்ளவர்களுக்கு அந்தச் சொல்தான் எப்போதும் முதலில் வரும். அதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"ஏன் விக்கணும்? காரு ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"புடிச்சா நிக்குதா?"

"நல்லா நிக்குது. எஞ்சின் எல்லாம் ஒண்ணும் கொறையில்ல."

"ஓடுது, நிக்குது. கத்துறது மட்டுந்தான் கொறை. அப்ப எந்நேரமும் கத்துற என் தம்பிய எப்பவோ வித்திருக்கணும்லா."

வயரிங்காரர் தலையைச் சொறிந்தார். "ஒரு வழி இருக்கு. ஸ்டீரிங்குக்குள்ள போற ஹார்ன் வயர வெட்டி விட்டுட்டு, வெளிய தனியா ஒரு பட்டன் வெக்கலாம். ஆனா அது இந்த அக்காவுக்கு எதுக்கு? நான் ஸ்டீரிங்கக் கழட்டறப்ப பாத்தேன், ஹார்ன் அமுக்குற எடம் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. ஒரு கைரேகைகூட இல்ல."

"அவ அமுக்க வேணாம்" என்றார் அக்கா. "என் பக்கம் வை. நான் அமுக்கிக்கிறேன்."

வயரிங்காரர் சிரித்தார். பிறகு அக்கா சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார்.

"ஓட்டுறது ஒருத்தர், ஹார்ன் அடிக்கிறது இன்னொருத்தரா? பஸ்ஸுலகூட அப்படிக் கெடையாதுக்கா."

"பஸ்ஸுல எறங்குறதுக்கு மணி யாரு அடிக்கிறா? ஒக்காந்திருக்குறவன்தானே?"

அவர் இதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது நான் அக்காவைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனேன். இந்த ஒன்றைக் கேட்காமல் போகக் கூடாது என்று தோன்றியது. ஆனால் நேராகக் கேட்க வரவில்லை, சுற்றிக்கொண்டு போனேன்.

"எதுக்குக்கா வீணா? பஸ்ஸே நல்லாத்தானே இருக்கு. ஒங்களுக்கு அங்க பேச்சுத் துணையும் இருக்கு. காலையில ஒரே சிரிப்புச் சத்தம் கேட்டுச்சே."

"என்ன துணை?" அக்காவுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "அங்க எல்லாருந்தான் பேசுறாளுங்க. எவ கேக்குறா? சிலிம் ரிவர்லருந்து சம்பந்தியம்மா வந்த கதைய எடுத்தேன். அவங்க வாசல்ல செருப்புக் கழட்டுறதுக்குள்ள ஒருத்தி அவ சம்பந்திய கொண்டாந்து நடுவுல விட்டுட்டா. இன்னொருத்தி அவ நாத்தனார. எனக்கு என் கதையே மறந்து போச்சு. நீதான்லா கடைசி வரைக்கும் கேப்ப. ஒனக்கும் வேற வழி இல்ல, கையில ஸ்டீரிங்கு."

வயரிங்காரர் பக்கம் திரும்பினேன். "வெச்சுருங்க தம்பி" என்றேன். அவர் கடைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து நானாக அவரிடம் சொன்ன முதல் முடிவு அதுதான் என்று நினைக்கிறேன். அவருக்கே ஆச்சரியம்.

பட்டனை எங்கே வைப்பது என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஓட்டுகிறவர் கைக்கு எட்டியே ஆக வேண்டும் என்றார். கடைசியில் கியருக்குப் பக்கத்தில், இரண்டு சீட்டுக்கும் நடுவில், அழைப்புமணி அளவுக்கு ஒரு கறுப்புப் பொத்தானைப் பொருத்தினார். இருவருக்கும் எட்டும். வீட்டுக்காரர் வந்து குனிந்து பார்த்தார். ஒரு தடவை அமுக்கினார், கத்தியது. ஸ்டீரிங்கை இடது பக்கம் முழுவதும் திருப்பினார், கத்தவில்லை. "இப்ப இது யாரு காரு?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே ரோட் டெக்ஸைப் புதுப்பித்தேன்.

எட்டும் என்பது வேறு, எட்டுவது வேறு. அந்தப் பொத்தான் மேல் அக்காவின் வலது கை ஏறி உட்கார்ந்தது. அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. முனீஸ்வரருக்கு மூன்று. தேநீர்க் கடை அண்ணனுக்கு இரண்டு. அவர் பழைய தெம்போடு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நேப்பாளத்துத் தம்பிக்கு ஒன்று. தெரிந்தவர் யாராவது மோட்டார் சைக்கிளில் போனால் அவருக்கும் ஒன்று. தெரியாதவர் போனால், தெரிந்தவரோ என்று பார்க்க ஒன்று. முன்பு இடது பக்கம் மட்டும்தான் கத்தியது. இப்போது எல்லாப் பக்கமும் கத்துகிறது. கத்துவது நான் இல்லை என்பது மட்டும்தான் ஆறுதல். அதுவும் வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. நான் முகத்தை ஸ்டீரிங்குக்குப் பின்னால் தாழ்த்திக்கொண்டு ஓட்டப் பழகிவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில், அக்கா சம்பந்தியம்மா கதையில் ஆழமாக இறங்கியிருந்தார். அதை இரண்டு கையாலும் சொல்ல வேண்டியிருந்தது. பொத்தான் மேல் அவருடைய சாப்பாட்டுப் பை கிடந்தது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று பக்கத்துச் செம்மண் பாதையிலிருந்து பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. பிரேக்கை அழுத்திக் காரை நிறுத்தினேன். லாரி நிற்கவில்லை. குலைகளின் முள் எங்கள் முன் கண்ணாடியை நோக்கி மெதுவாக, மிக மெதுவாக வந்தது. பின்னால் வேறு வண்டிகள், நகர வழியில்லை. என் கைகள் ஸ்டீரிங்கை விட மறுத்தன.

"அடி!" என்று கத்தினேன். "அக்கா, அடி! அடி!"

அக்கா பையைத் தள்ளிவிட்டு உள்ளங்கையால் ஓங்கி அமுக்கினார். லாரி குலுங்கி நின்றது. குலைகளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். லாரிக்காரர் கையைத் தூக்கி மன்னிப்புக் காட்டிவிட்டு முன்னால் நகர்ந்தார்.

தூங்குகிறவள் முழுதாக விழித்து உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததே இல்லை.

"யாரு கத்துனது?" என்றாள்.

"காரு இல்ல" என்றாள் கைப்பேசிப் பெண். "ஓட்டுறவங்க."

அக்கா என் பக்கம் மெல்லத் திரும்பினார். "அடியா?" என்றார். "ஒனக்குப் பத்து வயசு மூத்தவ நான். 'ங்க' எங்க போச்சு?"

"அவசரத்துல வந்துடுச்சுக்கா. மன்னிச்சுருங்க."

"அவசரத்துல மரியாத போயிரும், அப்படித்தானே. இருக்கட்டும், இருக்கட்டும்." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் தோள் குலுங்கியது. கோபத்தில் குலுங்குகிற தோள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்; இது அது இல்லை. கொஞ்ச தூரம் போனதும் திரும்பினார். எதையோ சொல்ல வாயெடுத்தார், நெற்றியைச் சுருக்கினார்.

"எங்கலா விட்டேன்?"

"சம்பந்தியம்மா மீன் கறிய ஒரு வாய் வெச்சுட்டு, உப்பு இல்லன்னு தட்ட நகத்துனாங்க" என்றேன். "நீங்க சமையக்கட்டுலருந்து உப்பு டப்பாவ எடுத்துக்கிட்டு வர்றீங்க. அதுவரைக்கும் வந்திருக்கு."

"ஆங், அதான்" என்றார் அக்கா. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உப்பு டப்பாவை எந்த வேகத்தில் மேசையில் வைத்தார் என்பதிலிருந்து தொடங்கினார்.